மகன் செய்த ஃபோம் விமானம், ரிமோட்டைப் பறித்துக்கொண்டார்கள்: இது நியாயமா?

பம்மல்_அப்பா: என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். அரையாண்டு விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஃபோம் போர்டை வெட்டி, ரிச்சி தெருவில் வாங்கிய மோட்டாரை மாட்டி ஒரு விமானம் செய்தான். சமையலறைத் தராசில் 480 கிராம். போன ஞாயிறு மைதானத்தில் இரண்டு சுற்றுதான் சுற்றியிருக்கும். போலீஸ்காரர் ஒருவர் வந்து, "ட்ரோன் விட லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டு ரிமோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பையன் அன்றிரவு சாப்பிடவில்லை. பதினெட்டு வயது ஆகாதவன் எதையும் பறக்கவிடக் கூடாது என்றால் பள்ளிக்கூடத்தில் ரோபோட்டிக்ஸ் லேப் எதற்கு?

டவர்_தாத்தா: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மைதானம் விமான நிலைய ஓடுபாதையிலிருந்து எவ்வளவு தூரம்?

பம்மல்_அப்பா: மூன்று கிலோமீட்டர் இருக்கும் சார்.

டவர்_தாத்தா: அப்படியானால் போலீஸ்காரர் செய்தது சரி. இறங்குகிற விமானம் 3 டிகிரி சரிவில் வரும். மூன்று கிலோமீட்டர் தூரத்தில் அது தரையிலிருந்து 500 அடி சொச்சத்தில்தான் இருக்கும். உங்கள் பையன் ஆசையாக 300 அடி ஏற்றினால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள். ஃபோம் நசுங்கிவிடும், மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் நசுங்காது. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் பார்த்ததாகச் சொன்னதற்கே சுமார் ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன.

பால்சா_பித்தன்: அந்த ட்ரோன் இன்றுவரை கிடைக்கவில்லையே தாத்தா! ஒரு கணவன் மனைவியைப் பிடித்து, அப்புறம் குற்றச்சாட்டே இல்லாமல் விட்டார்கள். பயத்துக்கு எப்போதும் முதலில் மாட்டுபவன் பொழுதுபோக்குக்காரன்தான்.

அப்பா சார், ஒரு திருத்தம். 2021 ட்ரோன் விதிகளில் 18 வயது என்பது பைலட் சான்றிதழ் வாங்குவதற்கான வயது. 2 கிலோ வரை, வணிக நோக்கம் இல்லாமல் விட்டால் அந்தச் சான்றிதழே வேண்டாம். படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ கண்ணுக்கு எட்டும் தூரத்தில் விடுகிற மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழும், அதாவது அந்த ரகக் கருவிக்கே வாங்குகிற சான்றிதழும், வேண்டாம். ஆகவே "லைசென்ஸ் எங்கே" என்ற கேள்வியே தப்பு. "இந்த இடம் அரசின் ட்ரோன் வரைபடத்தில் என்ன நிறம்" என்று கேட்டிருக்க வேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்?

டவர்_தாத்தா: கேள்வி தப்பாக இருக்கட்டும் தம்பி, பதில் ஒன்றுதான். அந்த இடம் சிவப்பு, சிறப்பு அனுமதி இல்லாமல் விடக் கூடாது.

கோவை_குவாட்: சிவப்பு சரி. அனுமதி கேட்காமல் விடக்கூடிய பச்சைக்கு அந்தப் பையன் எங்கே போவான்? விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம்தான் பச்சை. அதைத் தாண்டினால் 400. எங்கள் ஊரில் ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். கார் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு என்று ஆகிவிட்டது. போதாததற்கு 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியையும் நிறுத்தினார்கள்.

பால்சா_பித்தன்: அதில் நான் உங்களோடு இல்லை. உதிரி பாகத்துக்குத் தடை இல்லையே. பெட்டியைப் பிரித்துப் பறக்கவிட்டவனைவிட, மூக்கு எடை போதாமல் நாலு தடவை குப்புற விழுந்து எழுந்தவன் அதிகம் கற்கிறான்.

கோவை_குவாட்: நாலு தடவை விழுவதற்கும் இடம் வேண்டும் நண்பரே.

பம்மல்_அப்பா: இப்போதுதான் வரைபடம் பார்த்தேன். தாத்தா சொன்னது சரி, சிவப்பேதான். பையனிடம் காட்டினேன், பேசாமல் உள்ளே போய்விட்டான். எனக்குத் தாத்தா மேல் கோபம் இல்லை. ஆனால் ரிமோட்டைப் பிடுங்கியவர் இந்த வரைபடத்தைக் காட்டியிருந்தால் அவன் அழுதிருக்க மாட்டான். செங்கல்பட்டு தாண்டி உறவினர் வயல் இருக்கிறது. மின்சார ரயிலில் 90 சென்டிமீட்டர் இறக்கையை எப்படிக் கொண்டுபோவது?

பால்சா_பித்தன்: இறக்கையை உடலோடு பசை போட்டு ஒட்ட வேண்டாம். ரப்பர் பேண்டில் கட்டுகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம், விழுந்தாலும் இறக்கை உடையாமல் கழன்றுவிடும்.

டவர்_தாத்தா: கிளம்புகிற அன்று காலையிலும் வரைபடத்தைப் பாருங்கள். 96 மணி நேரம் வரை ஓர் இடத்தைத் தற்காலிகமாகச் சிவப்பாக்க மாநில அரசுக்கும் போலீசுக்கும் அதிகாரம் உண்டு. ரிமோட்டைத் திருப்பி வாங்கப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.