முறிந்த சார்பா, தாங்கு இழந்த பொதியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மென்பொருள் பொதி (பேக்கேஜ்), தான் நம்பியிருக்கும் இன்னொரு பொதி சரியாகக் கிடைக்காமல் நிற்பதை ஆங்கிலத்தில் 'புரோக்கன் டிபெண்டன்சி' என்கிறார்கள். அதற்குத் தமிழில் கம்பம் நண்பர் முன்வைத்த "முறிந்த சார்பு" எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. போன வாரம் கடைக் கணினியை உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு ஏற்றிய பிறகு அந்தச் சொல் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மேம்படுத்தல் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. குமுளி மழைக்குக் கரண்ட் போகாமல் இருந்தால்தான் அதிசயம். யூபிஎஸ் பேட்டரியை மாற்றாமல் விட்டது நான். கரண்ட் வந்ததும் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அப்புறம் 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' என்று பழுது நீக்கும் கட்டளைகளைக் கொடுத்தேன். முக்கால்வாசி சரியானது. ஒரே ஒரு பொதி அடம்பிடித்தது. எப்போதோ உபுண்டுவுக்கு வெளியே உள்ள களஞ்சியத்திலிருந்து (ரெப்பாசிட்டரி) ஒரு நூலகப் பொதியை (லைப்ரரி) நிறுவியிருந்தேன், அது 24.04 தருவதைவிடப் புதிய பதிப்பு. அதை நம்பியிருக்கும் பொதியோ 'சரியாக இந்தப் பதிப்புதான் வேண்டும்' என்று சமக்குறி போட்டுக் கேட்கிறது. 'ஆப்ட் பாலிசி' கொடுத்து எது எங்கிருந்து வந்தது என்று பார்த்து, நூலகத்தை உபுண்டுவின் பதிப்புக்கே இறக்கினேன். அடங்கியது.

இதில் முறிந்தது எது? சார்பு முறியவே இல்லை. அது விடாப்பிடியாக இருந்ததால்தான் தொல்லையே! பிழைச்செய்தியும் சார்பை 'அன்மெட்' (நிறைவேறாதது) என்றுதான் சொல்கிறது; 'புரோக்கன்' என்பது பொதிக்கு. தவிர, உபுண்டுவுக்கு மூலமான டெபியனின் பொதிகளில், 'இது வந்தால் இன்ன பொதி முறியும்' என்று சொல்ல 'பிரேக்ஸ்' என்றே தனிப் புலம் இருக்கிறது. முறிவை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு எங்கே போவது?

இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் 'டிபெண்டன்சி' என்பது உறவையும் குறிக்கிறது, எந்தப் பொதியை நம்பி நிற்கிறதோ அந்தப் பொதியையும் குறிக்கிறது. அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? எங்கள் பக்கம் மிளகுக் கொடி சில்வர் ஓக்கிலோ முருக்கிலோ ஏறும். அந்த மரத்தை மலையாளத்தில் தாங்குமரம் என்பார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கும் அது விளங்கும். குளவிப்பூச்சி விழுந்து முருக்கு பட்டுப்போனபோது கொடிக்கு ஒரு நோயும் இல்லை, ஆனாலும் சரிந்தது. அதனால் என் பரிந்துரை: உறவுக்குச் சார்புநிலை, நம்பப்படும் பொதிக்குத் தாங்குபொதி. அது இல்லாமலோ பதிப்பு பொருந்தாமலோ நிற்பது, தாங்கு இழந்த பொதி.

வெறும் 'சார்பு' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. அங்கே அது ஃபங்ஷன். கம்பத்துப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் லினக்ஸுக்கு வருவார்கள்.

"தாங்கி என்பதுதானே பெயர்ச்சொல், தாங்கு எப்படி?" என்று செங்கோட்டை ஐயா கேட்டிருந்தார். தாங்குபொதி வினைத்தொகை ஐயா, ஊன்றுகோல் மாதிரி. 'தாங்கு இழந்த' என்பதில் தாங்கு முதனிலைத் தொழிற்பெயர், 'அடி வாங்கினான்' என்பதில் அடி போல. தாங்கியை எடுக்காததற்குக் காரணம், பொறியியலில் அது ஏற்கெனவே பேரிங். சுமைதாங்கிக் கல்லின் மேல் பொதி இறக்கும் படம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பேரிங்கோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

ஒரு நன்மையும் கிடைக்கிறது. ஒரு பொதியை நம்பி நிற்கும் மற்றப் பொதிகளைச் சொல்லும் 'ரிவர்ஸ் டிபெண்டன்சி'க்குத் தலைகீழ்ச் சார்பு என்றெல்லாம் போக வேண்டாம். இந்த மரத்தில் எத்தனை கொடி என்பதுதான் கேள்வி; 'ஏறுபொதிகள்' போதும்.

எனக்குச் சொல் பிடிபடாதது 'ப்ரீ-டிபெண்ட்ஸ்' என்ற புலத்துக்கு. தாங்குபொதி முழுதாக அமைவாக்கப்பட்டு (கான்ஃபிகர்) நின்றால்தான் அதை நம்பியிருக்கும் பொதியைப் பிரிக்கவே (அன்பேக்) தொடங்கும். முருக்குக் கம்பை முதலில் நட்டு, பிறகு கொடி வைப்பது போல. 'முன்தாங்கு' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

குமுளியிலிருந்து