படுக்கும்போது நல்லா இருந்த சுகர் விடியும்போது ஏறி நிற்பது ஏன்? பார்த்த கேஸ்களைப் போடுங்க

சாம்பல்மூடி

கவுன்ட்டர் மேல ஒரு பெரியவர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சார். ஒண்ணு லேப் ரிப்போர்ட், ஃபாஸ்டிங் 118. இன்னொண்ணு அவரோட மீட்டர், அதே நாள் காலை ஆறரை, 161. "இதுல எது பொய்னு நீயே சொல்லு தம்பி."

பொய் சொன்னது ரிப்போர்ட்தான். அவர் ரத்தம் கொடுத்தது மெயின் லேப்ல இல்ல, கலெக்‌ஷன் சென்டர்ல. ஆறரைக்கு எடுத்து சிவப்பு மூடிக் குழாய்ல ஊத்தியிருக்காங்க. பைக் பையன் கொண்டு வந்து சேர்த்து, மெஷின்ல சுத்தும்போது பத்தேகால். குழாய்க்குள்ள இருக்கிற ரத்த அணுக்கள் உயிரோடதான் இருக்கும், சர்க்கரையைத் தின்னுக்கிட்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயில் காலத்துல இன்னும் வேகம். நாலு மணி நேரத்துல 150 இருந்தது 118 ஆகிடும். மறுநாள் லேபுக்கே வரச்சொல்லி, ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய்ல எடுத்து, அரை மணிக்குள்ள ஓட்டினப்ப 152. மீட்டர் 160. மீட்டருக்கு 15 சதவீதம் முன்னப்பின்ன போக அனுமதியே உண்டு, அதனால அது சரியாத்தான் வேலை செய்யுது.

அவருக்கு என்னமோ அந்த 118-தான் பிடிச்சிருந்தது. அதைக் காட்டி மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்னுதான் வந்திருந்தார்.

சென்டர்ல ரத்தம் கொடுக்கிறவங்க மூடி என்ன கலர்னு பாருங்க. ஃப்ளோரைடும் போட்ட உடனே அணுக்களை நிறுத்திடாது, முழுசா பிடிக்க ஒரு மணிக்கு மேல ஆகும். அந்த முதல் இழப்பைக் குறைக்கணும்னா குழாயை ஐஸ்ல வெச்சு சீக்கிரமே சுத்திடணும்.

என்சிடி_சிஸ்டர்

குழாய் கதை சரி. ஆனா மீட்டரும் லேபும் ஒத்துப் போயும் காலைல மட்டும் ஏறுற கேஸ்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துல தினமும் வருது.

ஒரு அம்மா, அறுபது வயசுக்கு மேல. ராத்திரி பத்து மணிக்கு 132, காலைல 174. வீட்ல எல்லாரும் சேர்ந்து திருட்டுத்தனமா தின்னுறாங்கன்னு முடிவு கட்டிட்டாங்க. மருமக பிஸ்கட் டப்பாவை பீரோவுல வெச்சுப் பூட்டியாச்சு. அந்தம்மா ஓபியில எல்லார் முன்னாடியும் கையைத் தலையில வெச்சு, "சாமி சத்தியமா தண்ணிதான் சிஸ்டர் குடிச்சேன்"னாங்க. பக்கத்துல நின்ன மகன் சிரிச்சான்.

மூணு ராத்திரி அலாரம் வெச்சு மூணு மணிக்குக் குத்திப் பாருங்கன்னு மகன்கிட்டயே நோட்டைக் கொடுத்தாச்சு. வந்த நம்பர்: படுக்கும்போது 130 சுத்தி, மூணு மணிக்கு 126, 128, 131. ஆறு மணிக்கு 168, 171, 175. மூணு மணி வரைக்கும் ஆடாம அசையாம இருந்தது அதுக்கப்புறம்தான் ஏறுது. தின்னது அவங்க இல்ல, ஊத்தினது ஈரல். விடியக்காலம் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன், குளுக்ககான் எல்லாம் ஏறும், எழுந்திருக்கிறதுக்கு உடம்பு பண்ற ஏற்பாடு அது. ஈரல் சேமிப்புல இருக்கிற சர்க்கரையை வெளிய விடும், புதுசாவும் செஞ்சு விடும். சுகர் இல்லாதவங்களுக்கு கணையம் கொஞ்சம் இன்சுலினைக் கூட்டி அதை அமுக்கிடும். டைப் 2-ல அந்த அமுக்கம் போதாது. இருபது, முப்பது ஏறுறது சாதாரணம், சிலருக்கு நாற்பதுக்கு மேலயும் போகும்.

அவங்களுக்கு மெட்ஃபார்மின் காலையும் மதியமும் மட்டும் போயிட்டிருந்தது. டாக்டர் மதிய மாத்திரையை ராத்திரி சாப்பாட்டோட மாத்தி, மெதுவா கரையிற வகையாக் கொடுத்தார். அந்த மருந்தோட முக்கிய வேலையே ஈரல் விடுற சர்க்கரையைக் குறைக்கிறதுதான். சில வாரத்துல காலை நம்பர் 140 பக்கம் வந்துடுச்சு. பீரோ சாவி திரும்பக் கிடைச்சுதான்னு தெரியல.

மூணு மணிக்குப் பார்க்கும்போது எழுந்து நடமாட வேண்டாம், லைட்டைப் போட்டு உட்கார்ந்த இடத்துலயே பாருங்க. ஈரத்துணியால விரலைத் துடைச்சு நல்லாக் காய விடணும். ராத்திரி பழம் உரிச்ச கையோட குத்தினா 128 எல்லாம் 200 காட்டும். வரலைன்னு விரலைப் பிழியவும் கூடாது.

மருந்துக்கடை_மாலை

இது மனசை விட்டுப் போகமாட்டேங்குது. ஒருத்தர் வந்து "சிவப்பு மூடி சிரிஞ்ச் பத்து குடுங்க"ன்னார். சாதாரணமா எடுத்து வெக்கிற பொருள். "பாட்டில் மருந்தா அண்ணா?"ன்னு கேட்டதுக்கு, "இல்ல, இன்சுலின் பேனா ஜாம் ஆயிடுச்சு, உள்ள இருக்கிற கார்ட்ரிட்ஜ்ல இருந்து உறிஞ்சிக்கிறேன்"னார்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நம்ம ஊர்ல கிடைக்கிற இன்சுலின் பாட்டில்ல பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜ்ல ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சோட கோடுகள் 40-க்குப் போட்டது, ஆரஞ்சு மூடி 100-க்கு. கார்ட்ரிட்ஜ் மருந்தை சிவப்பு மூடியில 16 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 16 இல்ல, 40 யூனிட். ரெண்டரை மடங்கு.

அவர் ஏற்கனவே வீட்ல கிடந்த சிரிஞ்சால ரெண்டு ராத்திரி போட்டாச்சு. ரெண்டு மணிக்கு பனியன் தொப்பலா நனைஞ்சு, கை நடுங்கி எழுந்து, சர்க்கரை டப்பாவை அப்படியே எடுத்து அள்ளித் தின்னிருக்கார். காலைல பார்த்தா 240. அதைப் பார்த்து ரெண்டாவது நாள் ரெண்டு யூனிட் கூட்டியிருக்கார். இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னார், அதுதான்.

சிரிஞ்ச் கொடுக்கல. புதுப் பேனா வாங்கிட்டுப் போனார், டாக்டருக்கும் போன் போட வெச்சாச்சு. பேனா பழுதானா கார்ட்ரிட்ஜைக் குத்தி உறிஞ்சாதீங்க. அதுக்குள்ள காத்து போய் அடுத்த டோஸும் கெட்டுடும்.

விவரமானவன்

மேல சொன்னதுக்குப் பேரு சோமோஜி எஃபெக்ட். ராத்திரி சுகர் லோ ஆகும், அதாவது 70-க்குக் கீழ இறங்கும், உடம்பு பயந்து போய் ஈரல் வழியா சர்க்கரையைக் கொட்டும், காலைல ஹை. மைக்கேல் சோமோஜி 1938-லயே சொல்லிட்டார். காலைல ஹையா இருந்தாலே ராத்திரி லோ ஆகியிருக்குன்னு அர்த்தம். சிஸ்டர் சொன்ன கேஸும் அதுவாத்தான் இருக்கும். படுக்கும்போது ரெண்டு மாரி பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் எடுத்துக்கிட்டா காலைல இறங்கிடும். நிறைய பேருக்குச் சொல்லியிருக்கேன்.

என்சிடி_சிஸ்டர்

சார், மூணு மணி நம்பரைத்தான் எழுதியிருக்கேனே. 126, 128, 131. இதுல லோ எங்க இருக்கு?

கையில ஒட்டிக்கிற சுகர் சென்சார் வந்த பிறகு ராத்திரி முழுக்க என்ன நடக்குதுன்னு கண்ணால பார்க்கிறோம். ராத்திரி லோ ஆனவங்களுக்கு காலைல பெரும்பாலும் குறைவாத்தான் இருக்குது. துள்ளி 240 போறது அபூர்வம். மருந்துக்கடைக்காரர் சொன்ன ஆளுக்கு ஏறினது அவர் அள்ளித் தின்ன சர்க்கரை. லோ ஆனா 15 கிராம் போதும், மட்டமா அள்ளின மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிச்சு, 15 நிமிஷம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும். 70-க்கு மேல வரலன்னா இன்னொரு தடவை. பயத்துல யாரும் அளக்கமாட்டாங்க, அதுக்குத்தான் மூணு ஸ்பூன் அளவைச் சின்ன டப்பாவுல போட்டு தலைமாட்டுல வெக்கச் சொல்றது.

காலைல ஏறுற எல்லாருக்கும் பிஸ்கட்டும் பாலும் கொடுத்தா, விடியக்கால ஏற்றம் இருக்கிறவங்களுக்கு இன்னொரு முப்பது சேர்ந்து ஏறும். மூணு மணிக்கு உண்மையிலயே 70-க்குக் கீழ வந்தா, பிஸ்கட் இல்ல, ராத்திரி மருந்துதான் குறையணும். அதையும் டாக்டர்தான் குறைக்கணும்.

தட்டும்_தராசும்

"அரிசியைத் தொட்டு ஒரு வருஷம் ஆச்சு மேடம், ராத்திரி வெறும் சப்பாத்திதான்" என்றார் ஒருவர். எத்தனை என்று கேட்டதும், விரல் விடாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஆறு. உருளைக்கிழங்கு குருமாவோடு, இரவு பத்தரைக்கு, கடை சாத்திவிட்டு வந்தபின். காலைச் சர்க்கரை 190.

இவருடையது விடியற்கால ஏற்றமே அல்ல. படுக்கும்போது யாரும் பார்த்ததில்லை, பார்க்கச் சொன்னபோது 215 இருந்தது. மாலையில் ஏறியது இரவு முழுக்க இறங்கவேயில்லை. முப்பது கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. ஆறுக்கு 120. நூறு கிராம் சோற்றில் 28 கிராம்தான் என்பதால், அவர் தினமும் நானூறு கிராமுக்கு மேல் சோறு சாப்பிட்டதற்குச் சமம். இதில் குருமாவின் கிழங்கும் தேங்காயும் சேரவில்லை. கொழுப்பு சேர்ந்த சாப்பாடு வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். பத்தரைக்குச் சாப்பிட்டது இரண்டு மணிக்கும் ரத்தத்தில் சேர்ந்துகொண்டிருக்கும்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இரவுச் சாப்பாடு ஏழரை, எட்டுக்குள் முடிந்தால் நல்லது. கடை வைத்திருப்பவருக்கு அது முடியாது என்றால், ஏழு மணிக்குக் கடையிலேயே டிபன் பாக்ஸில் இரண்டு சப்பாத்தியும் கெட்டியான பருப்பும் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தபின் காய், முட்டை, மோர் என்று முடிக்கலாம். தட்டில் காய் முதலில், பருப்போ முட்டையோ மீனோ அடுத்து, சோறோ சப்பாத்தியோ கடைசியில். அதே அளவு சோறு, வரிசை மாறினாலே ஏற்றம் மட்டுப்படும். சாப்பிட்டு அரை மணிக்குள் பதினைந்து நிமிடம் தெருவில் நடக்க வேண்டும். காலில் இருக்கும் பெரிய தசைகள் அப்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமல் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். கேழ்வரகு என்பதற்காகக் கஞ்சியாகக் கரைத்துக் குடிப்பதில் லாபமில்லை, நைசாக அரைத்த மாவு எந்தத் தானியமானாலும் வேகமாகத்தான் ஏறும். படுக்கும்போது ஒரு டம்ளர் பால் என்பது 200 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை, அதோடு ஒரு பூவன்பழம் சேர்ந்தால் கணக்கு இன்னும் கூடும். ஊறவைத்த வெந்தயத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதன் நார்ச்சத்து சாப்பாட்டோடு சேரும்போது சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்தும், அதனால் உணவோடு சாப்பிடுங்கள். காலை நான்கு மணிக்கு ஈரல் விடுவதை அது ஒன்றும் செய்யாது. இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் இரவுச் சாப்பாட்டைத் திடீரெனப் பாதியாக்கக் கூடாது. டாக்டரிடம் சொல்லி மருந்தைச் சரிசெய்தபிறகே குறைக்க வேண்டும்.

நைட்_டியூட்டி

கேஸைப் போடச் சொன்னா டயட் சார்ட் வருது. நடத்துங்க.

கையில சென்சார் ஒட்டின ஒரு தாத்தா. தினமும் ராத்திரி ரெண்டே முக்கால் வாக்குல 52-ன்னு அலாரம். பாட்டி எழுந்து, தூக்கத்துல இருக்கிறவர் வாயைத் திறந்து குளுக்கோஸ் தண்ணி ஊத்துவாங்க. காலைல 185. வீடே ஒரு மாசமா சரியாத் தூங்கல. வார்டுல சேர்த்த அன்னிக்கு ராத்திரியும் அலாரம் அடிச்சது. பாட்டி டம்ளரைக் கையில எடுத்துட்டாங்க. அவங்க கையைப் பிடிச்சு நிறுத்தி, விரல்ல குத்திப் பார்த்தா 118.

தாத்தா வலது பக்கமாத்தான் படுப்பார். சென்சாரும் வலது கையில. உடம்பு பாரம் அழுத்தினா அந்த இடத்துல திசு நீர் ஓட்டம் குறைஞ்சு சென்சார் லோ காட்டும். கோட்டைப் பார்த்தாலே பிடிபடும். செங்குத்தா விழுந்து, புரண்டு படுத்ததும் செங்குத்தா ஏறும். நிஜ லோ கொஞ்சம் கொஞ்சமா சரியும். சென்சாரை இடது கைக்கு மாத்தினதும் அலாரம் நின்னுது. குளுக்கோஸ் தண்ணியும் நின்னுது, காலைல 140.

சென்சார் லோ காட்டினா, ஆள் தெளிவா இருந்தா முதல்ல விரல்ல பாருங்க. வேர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தா பார்த்துக்கிட்டு நிக்காம சர்க்கரையைக் கொடுங்க. ஆனா முழுசா விழிக்காதவர் வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். 108-க்குப் போன் போடுங்க.

ஊசிமுனை

இன்சுலின் டோஸ் ஏறிக்கிட்டே போயும் காலை நம்பர் இறங்காதவங்களுக்கு வயித்தைத் தடவிப் பாருங்க. கண்ணால பார்த்தா தெரியாது. ஒரு அக்காவுக்கு ராத்திரி 48 யூனிட். "வலிக்காத இடம் ஒண்ணு இருக்கு, அங்கயே போட்டுக்குவேன்"னாங்க. தொப்புளுக்கு இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் மாதிரி திரண்டு கிடந்தது. கொழுப்புக் கட்டி. அங்க போடுற மருந்து ஒரு நாள் உறிஞ்சும், ஒரு நாள் உறிஞ்சாது.

அதுக்காக இன்னிக்கே அதே 48-ஐ நல்ல இடத்துல போட்டுடாதீங்க, முழுசும் வேலை செஞ்சு ராத்திரி லோ ஆகிடும். டாக்டர்கிட்ட சொல்லி டோஸைக் குறைச்சுட்டுத்தான் இடம் மாத்தணும். ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் ஒரு விரல் அகலமாவது தள்ளணும். ஊசிமுனையை ஒவ்வொரு தடவையும் மாத்தணும். கலங்கல் மருந்துன்னா பேனாவை உள்ளங்கையில பத்து தடவை உருட்டி, பத்து தடவை மேல கீழ கவுத்து, பால் மாதிரி ஒரே நிறம் ஆனப்புறம் ரெண்டு யூனிட் வெளிய அடிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க. போட்டதும் உருவாம பத்து எண்ணணும்.

இன்னொண்ணு, ராத்திரி ஏழு மணிக்குப் போடுற 30/70 இன்சுலின் கலவையோட உச்சம் பதினொண்ணுல இருந்து மூணு மணிக்குள்ள வந்து, விடியும்போது அடங்கிடும். காலை ஏத்தத்துக்காக அதைக் கூட்டினா, அடி விழுறது நடு ராத்திரியிலதான். மூணு மணி நோட்டோட டாக்டர்கிட்ட போங்க. மருந்தையே மாத்துறதா, படுக்கிற நேரத்துக்குத் தள்ளுறதான்னு அவர் பார்ப்பார்.

சாம்பல்மூடி

தனிமெசேஜ்ல கேட்டவங்களுக்கு இங்கயே பதில். ஃபாஸ்டிங்னா எட்டு முதல் பத்து மணி நேரம். ஏழு மணிக்குச் சாப்பிட்டுட்டு மறுநாள் பத்தரைக்கு லேபுக்கு வந்தா அது ஃபாஸ்டிங் இல்ல, பட்டினி. ஈரல் அதுவரைக்கும் விட்டதெல்லாம் சேர்ந்து வரும். தண்ணி குடிக்கலாம். சர்க்கரை போடாத காபியும் கூடாது. சுகர் மாத்திரை, ஊசி எல்லாம் ரத்தம் கொடுத்துட்டு, சாப்பாட்டு நேரத்துல.

மருந்துக்கடை_மாலை

வாக்கிங் முடிச்சுட்டு ரத்தம் கொடுக்கலாமா? கடையில நிறைய பேர் கேக்குறாங்க.

சாம்பல்மூடி

வேண்டாம். நேரா வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து கொடுக்கச் சொல்லுங்க. வேகமா நடந்தா சிலருக்கு இறங்கும், சிலருக்கு ஏறும், ரெண்டும் அன்னிக்குக் காலை நம்பர் இல்ல.