தொட்டி மீன் காணாமல் போனவர்கள் இங்கே வரவும்: மீன்பிடிப் பூனையை நேரில் பார்த்த அனுபவங்கள்

மழைப்பாசி (தலவத்துகொடை, கொழும்புப் புறநகர்)

எங்கள் வளவில் சீமெந்துத் தொட்டி ஒன்று இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர், உள்ளே கொய் மீன்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒன்று குறைந்திருந்தது. கொஞ்ச நாளில் இன்னொன்றும் போனது. மாமி பழியைக் கபரகொய்யா (நீருடும்பு) மேல் போட்டார். ஆனால் அது வெயில் காய்ந்துவிட்டுப் பகலில் இரை தேடுகிற சீவன், எங்கள் மீன் போவதோ இரவில். வக்கா என்கிற கொக்கினப் பறவை என்றால் விரல் நீளக் குஞ்சைக் கொத்திக்கொண்டு போகும், இந்தப் பெரிய மீனைத் தூக்க அதனால் முடியாது. நீர்நாயாக இருக்குமோ என்று கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தொட்டி ஓரத்து ஈர மண்ணில் தடம் கிடைத்தது. பார்த்தால் பூனைத் தடம். ஆனால் வீட்டுப் பூனையுடையதைவிட நல்ல பெரிது, விரல்களுக்கு முன்னால் மெல்லிய நகக் கீறலும் இருந்தது. சாதாரணப் பூனை நடந்தால் நகம் மண்ணில் படாதே!

வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பினோம். ஆள் அகப்பட்டது நடுச்சாமம் தாண்டி. பின்மதிலால் இறங்கி, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. சாம்பல் உடம்பில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி, கட்டைக் கால், உடம்புக்குப் பொருந்தாத குட்டை வால். தொட்டி விளிம்பில் குந்தியது. குந்தியது குந்தியபடி இருந்தது. கமரா நின்றுவிட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன், மூலையில் நொடி எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரே பாய்ச்சல். தலையும் முன்னங்கால் இரண்டும் சேர்ந்து தண்ணீருக்குள் போயின. வெளியே வரும்போது வாயில் மீன் துடித்துக்கொண்டிருந்தது. உடம்பை ஒரு தரம் உலுப்பிவிட்டு, வந்த மதிலாலேயே ஏறிப் போய்விட்டது.

பக்கத்து வீட்டு அங்கிள் வீடியோவைப் பார்த்ததும் "ஹந்துன் திவியா" என்று மீன்பிடிப் பூனையின் சிங்களப் பேரைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் வீட்டுத் தொட்டியை வலை போட்டு மூடியிருப்பதன் காரணம் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

தியசரு ஈரநிலப் பூங்கா எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. அதைச் சுற்றி மிஞ்சியிருக்கிற சதுப்புகள், கால்வாய்கள், புல் மண்டிய வெறுங்காணிகள் எல்லாம் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு போகின்றன. 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை முதன்முதலில் பெற்ற நகரங்களில் கொழும்பும் ஒன்று. அந்தச் செய்தியைப் பேப்பரில் வாசித்தபோது பறவைகளைத்தான் நினைத்தேன். இப்படியொரு பூனை மதில் ஏறி வரும் என்று யார் கண்டது? கொழும்பு நகரத்து மீன்பிடிப் பூனைகளை அன்யா ரத்நாயக்க என்ற ஆய்வாளர் பல வருடமாகப் பின்தொடர்கிறார். கொய் மீன் களவெடுத்துப் பிடிபட்ட மிசூச்சி என்ற ஆண் பூனைக்குக் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி போட்டு, அது நகரத்துக்குள் எங்கெல்லாம் திரிகிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் வீட்டுக் கள்ளன் ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை.

வேறு யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

வண்டல் (கொள்ளிடக் கரை)

அக்கா, நான் பார்த்ததும் இதுதானா என்று சொல்லுங்கள். எங்கள் வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நாணலும் சம்பும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும். சம்பா அறுப்பு முடிந்து எலி வளை எல்லாம் வெளியே தெரிகிற நேரம். சாயங்காலம் வரப்பில் வந்துகொண்டிருந்தேன், நாணலுக்குள்ளிருந்து ஒன்று வெளியே வந்து நின்றது. நாய் என்று நினைத்து "சூ" என்றேன். திரும்பிப் பார்த்தது, பூனை முகம்! கால் நல்ல உயரம். புழுதி நிறம், உடம்பில் புள்ளியே இல்லை. காது நுனியில் கொஞ்சம் கறுப்பு மயிர், வால் கடைசியில் கறுப்பு வளையம். வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தாண்டிப் போகும் என்று பார்த்தால், இறங்கி நீந்திப் போனது. பூனை தானாகத் தண்ணீரில் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

சேற்றுவழி (காக்கிநாடா)

தம்பி, புள்ளி இல்லை, கால் உயரம், காதில் மயிர் என்றால் அது காட்டுப்பூனை. நம் ஊரில் எல்லோரும் சொல்கிற அதே காட்டுப்பூனைதான். பேரில்தான் காடு இருக்கிறதே தவிர, அதற்குப் பிடித்தது நாணலும் கோரையும் நெல் வயலும். எகிப்தில் நைல் ஆற்றுக் கரையிலிருந்து வியட்நாம் பக்கம் வரைக்கும் இந்த இனம் இருக்கிறது. நன்றாக நீந்தும், மீனும் தின்னும், ஆனால் பிழைப்பு பெரும்பாலும் எலியை வைத்துத்தான். உங்கள் வயலில் அது இருப்பது உங்களுக்கு லாபம். யாராவது கண்ணி வைத்தால் விடாதீர்கள்.

மீன்பிடிப் பூனை அதைவிடத் தடித்த ஆள். கிழக்குக் கரையில் அது நன்றாக வேரூன்றி வாழ்கிற இடம் என்றால் நான் இருக்கிற கோதாவரிக் கழிமுகமும், தெற்கே கிருஷ்ணா கழிமுகமும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலை இங்கே துறைமுகப் பக்கம். லீவு கிடைத்தால் கோரங்கி சரணாலயத்துக்குப் போய்விடுவேன். அலையாத்திக் காடு, இங்கே "மட அடவி" என்பார்கள். மரநடைபாதையில் நடந்து போய்ப் பூனையைப் பார்த்துவிடலாம் என்று வருகிற கூட்டம் நீர்நாயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும். பூனையைப் பார்க்க அலைக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு படகுக்காரப் பெரியவர். வற்றம் இறங்கும்போது ஓடைகளில் தண்ணீர் வடிந்து அங்கங்கே குட்டைகள் நிற்கும். வெளியே போக வழி தெரியாத மீன் அதில் மாட்டிக்கொள்ளும். இருட்டும் வற்றமும் ஒன்றாக வருகிற நேரம்தான் பூனைக்குச் சாப்பாட்டு நேரம்.

படகை மரவேரில் கட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கொசு என்றால் அப்படிக் கொசு. எதிர்க்கரையில் சேறு "சளக் சளக்" என்றது. டார்ச்சைக் கொஞ்சம் தள்ளி அடித்தார் பெரியவர், நேராக அடிக்கக் கூடாதாம். இரண்டு கண். குட்டையின் ஓரத்தில் நின்றுகொண்டு ஒரு முன்னங்காலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. பூச்சி விழுந்த மாதிரி காட்டி மீனை மேலே வரவழைக்கும் தந்திரம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கலங்கல் தண்ணீரில் மீன் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்கிற மாதிரித்தான் தெரிந்தது. எப்படியோ, உள்ளங்கை அளவு மீன் ஒன்று வந்தது. அதைக் கரையிலேயே தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது. கடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அது நடந்தபோது கால்விரல்களைக் கவனித்தேன். விரலுக்கு நடுவில் லேசாகத் தோல் இருக்கும், முழுச் சவ்வு கிடையாது. நகம் உறைக்குள் முழுதாக ஒடுங்காது, நுனி எப்போதும் வெளியே நிற்கும். மழைப்பாசி அம்மா மண்ணில் பார்த்த கீறல் அதுதான். அடியில் கட்டையான அடர்ந்த ரோமம், மேலே நீள ரோமம் என்று இரண்டு அடுக்கு இருப்பதால் உள்ளே ஈரம் இறங்காது. உலுப்பினால் போதும், ரெயின்கோட்டை உதறின மாதிரி ஆகிவிடும்.

கொழுந்து (ஹட்டன்)

சேர், மலைநாட்டிலும் இது உண்டு. கடலோரமும் சதுப்பும்தான் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓடை ஓரம் மானாப்புல் வெட்டப் போன பெண்கள் இரண்டு குட்டிகளைக் கண்டு, சிறுத்தைக் குட்டி என்று கூச்சல் போட்டுக்கொண்டு லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) ஓடி வந்துவிட்டார்கள். இங்கே சிறுத்தை நிஜமாகவே உண்டு, அதனால் அவர்கள் பயந்ததில் தப்பில்லை. கொஞ்ச நேரத்தில் கத்தி, கம்போடு ஆள் சேர்ந்துவிட்டது.

நான் போய்ப் பார்த்தபோது கண் திறந்த குட்டிகள், சீறிக்கொண்டிருந்தன. சிறுத்தைக் குட்டிக்கு வால் நீளம். உடம்பில் பூப் பூவாகக் கோலம் இருக்கும். இதுகளுக்கு வால் குட்டை, வெறும் புள்ளிகள், நெற்றியிலிருந்து பிடரிக்கு ஓடுகிற கோடுகள். சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒருத்தர் குட்டியைச் சாக்கில் போட்டு ஆபீசில் கொடுத்துவிடலாம் என்றார். வனசீவராசிகள் ஆட்களுக்குப் போன் பண்ணி விசாரித்ததில், தொடாமல் அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் தள்ளிப் போங்கள், தாய் இரவில் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்றார்கள். அன்றைக்கு அந்த மலையில் கொழுந்து எடுக்கவில்லை. மறுநாள் குட்டிகள் அங்கே இல்லை. புல்லில் தாயின் மூத்திர நாற்றம் மட்டும் தாங்க முடியவில்லை.

மேற்குக்கரை (கொல்கத்தா)

இங்கே 2012 முதல் இது மாநில விலங்கு. "பாக்ரோல்" என்பார்கள். கௌரவம் ஒரு பக்கம் இருக்க, ஹவுரா பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குளம், குளத்துக்குக் குளம் மீன். அதனால் சண்டையும் அங்கேதான். புலிக்குட்டி ஊருக்குள் வந்துவிட்டது என்று அடித்துக் கொன்றிருக்கிறார்கள், விஷம் வைத்தும் கொன்றிருக்கிறார்கள்.

கூட வேலை பார்க்கிறவரின் ஊர் அந்தப் பக்கம். பூஜை லீவில் கூட்டிப் போனார். அவருடைய அப்பா இரவு உணவு முடிந்ததும் பின்கதவைத் திறந்துவைத்து, "சத்தம் போடாதே, வரும்" என்றார். ஏதோ விருந்தாளி வருகிற மாதிரி! குளத்தின் அந்தக் கரையில் சம்பம்புல் காடு. அதிலிருந்து வெளியே வந்து, படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. மீன் எதுவும் பிடிக்கவில்லை, போய்விட்டது. எனக்கு அவ்வளவுதான் வாய்த்தது. "மீன் போகிறதே, கோபம் இல்லையா?" என்று கேட்டேன். "வெள்ளம் வந்தால் குளத்து மீன் முழுதும் ஆற்றுக்குப் போய்விடுகிறது, ஆற்று மேல் கோபப்பட்டு என்ன செய்வது?" என்றார். எல்லாப் பெரியவரும் இவரைப் போல இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மீனை விற்றுப் பிழைக்கிறவர், அவர் பேச்சு வேறு மாதிரி இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒடிசாவில் சிலிகா ஏரிக்குப் போனால் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வரும். அங்கே மீனவர்களையே சேர்த்துக்கொண்டு கேமரா வைத்துக் கணக்கெடுத்தார்கள். 2022இல் வெளியிட்ட மதிப்பீடு 176. சரணாலய எல்லைக்கு வெளியே இப்படி எண்ணியது அதுதான் முதல் தடவை. அதில் பங்கெடுத்த தியாசா ஆத்யா ஹவுராவின் குளக்கரைகளிலும் வேலை செய்தவர்.

உப்பாறு (நீர்கொழும்பு)

நான் பார்த்தது செத்த ஒன்றை. முத்துராஜவெல சதுப்பை ஒட்டிய வீதியில், மழை விட்ட இரவு. மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன், வயிறு பெருத்த பெட்டை. ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, வனசீவராசிகள் ஆட்களுக்கு அறிவித்தேன். இருபுறமும் தண்ணீர் உள்ள வீதியில் இரவில் வேகத்தைக் குறைத்தால் போதும். வேறு எழுத ஒன்றுமில்லை.

வண்டல்

சேற்றுவழி அண்ணா, காட்டுப்பூனை என்று சொன்னதும் முதலில் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் இப்போது அது எலி பிடிப்பதையாவது பார்க்க ஆசை. தம்பி ஒருத்தன் தானியங்கி கேமரா வாங்கியிருக்கிறான். எங்கே கட்டலாம்?

மழைப்பாசி அக்கா, உங்கள் மீன் என்ன ஆனது?

மழைப்பாசி

இரண்டு மிச்சம். மூடி போட மாமி சம்மதிக்கவில்லை, அழகு கெட்டுவிடுமாம். தொட்டியின் ஒரு பக்கத்தை ஆழமாக்கி, அகலமான பிவிசி குழாய் இரண்டைப் போட்டோம். பூனை வந்தால் மீன்கள் அதற்குள் போய்விடுகின்றன. இப்போதும் வருகிறது, விளிம்பில் குந்துகிறது. சில நாள் தவளையோடு போகிறது. மாமிதான் இப்போது காலையில் முதல் வேலையாகக் கமராவைப் பார்க்கிறார்.

சேற்றுவழி

வண்டல் தம்பி, முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள். இடுப்பு உயரத்தில் கட்டினால் முதுகு மட்டும்தான் விழும். நாணலுக்குள் ஒரு ஒற்றையடித் தடம் இருக்கும், அது வரப்பில் ஏறுகிற இடத்தில், தடத்துக்குக் குறுக்காக இல்லாமல் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க வையுங்கள். முன்னால் அசைகிற புல்லை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றடித்தே மெமரி கார்டு நிறைந்துவிடும். கருவாடு, கோழிக்குடல் எதுவும் போட வேண்டாம், நாய்தான் வரும். தண்ணீர் விடுகிற அன்றைக்குக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.