மறு: ‘ஆஃப்-ஐஸ்’ பயிற்சிக்குத் தமிழ்ச்சொல்: ‘தரைப்பயிற்சி’ எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

டொராண்டோவில் ஐஸ் ஹாக்கி பழகும் தமிழ்ச் சிறுவர்களின் பெற்றோருக்காகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வரும் நண்பர், ‘ஆஃப்-ஐஸ் டிரெய்னிங்’, அதாவது ஆடும் பனிக்கட்டித் தளத்தில் இறங்காமல் வெளியே செய்யும் பயிற்சி, என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். இதுவரை பனிப்புறப் பயிற்சி, உலர்நிலப் பயிற்சி, கரைப்பயிற்சி, பருவ இடைவெளிப் பயிற்சி என்னும் நான்கு சொற்கள் வந்துள்ளன. அவற்றைப் பொருளோடு பொருத்திப் பார்த்ததில் எனக்கு எழுந்த தடைகளையும், ‘தரைப்பயிற்சி’ என்று நான் முன்மொழிவதற்கான காரணங்களையும் புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன்.

அந்தப் பயிற்சியில் என்னென்ன அடங்கும் என்று முதலில் பார்த்துவிடுவோம். ஐஸ் ஹாக்கியில் ஆட்டக்காரர் ஒருமுறை தளத்தில் இறங்கினால் ஏறத்தாழ முக்கால் நிமிடம் முழு மூச்சில் ஆடிவிட்டு, மாற்று ஆட்டக்காரருக்கு இடம்விட்டு வந்து அமர்ந்துவிடுகிறார்; ஆட்டம் முடியும் வரை இப்படியே மாறி மாறி நடக்கிறது. ஆகவே வெளியே செய்யும் ஓட்டப் பயிற்சியும் நெடுந்தொலைவு மெல்லோட்டமாக இராமல், குறுகிய விரைவோட்டமும் அதைவிட நீண்ட ஓய்வுமாக அமைகிறது. சறுக்கும்போது கால் பின்னோக்கி மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் உந்துவதால், பக்கத் தாவல்களுக்கும் ஒற்றைக்கால் குந்தலுக்கும் வழவழப்பான பலகையில் காலுறையோடு இருபுறமும் சறுக்கும் பயிற்சிக்கும் முதன்மை தருகிறார்கள். இந்தப் பக்கவாட்டு உந்தலால் உள்தொடைத் தசை அடிக்கடி பிடித்துக்கொள்ளும் அல்லது கிழியும். அத்தசையின் வலிமை இடுப்பின் வெளிப்புறத் தசையின் வலிமையில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு மிகவும் கூடுதல் என்பது, வட அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் 2000ஆம் ஆண்டையொட்டி நடந்த ஆய்வில் தெரியவந்தது. அந்தக் குறையைச் சரிசெய்யும் இடம் இந்தப் பயிற்சிதான். இவை தவிர, இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாகப் பயன்படும், 156 முதல் 170 கிராம் வரை எடையுள்ள ரப்பர் வட்டை வழுக்குத் தகட்டில் வைத்து அடித்துப் பழகுவதும், மரப்பந்தை மட்டையால் உருட்டிப் பழகுவதும் உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கோ ஓடிப்பிடித்தல், கயிறு தாண்டுதல், பந்து பிடித்தல், வேறு விளையாட்டுகள் ஆகியவையே போதும். பளு தூக்க வைப்பதில் அவசரம் காட்டும் பெற்றோர் கையேட்டின் இந்தப் பகுதியை இருமுறை படிப்பது நல்லது என்பேன்.

இனி, வந்துள்ள சொற்களைப் பார்ப்போம். ‘பருவ இடைவெளிப் பயிற்சி’ வேறொன்றைக் குறிக்கும் பெயர். போட்டிப் பருவம் நடக்கும்போதே, ஏன், ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பு உடை மாற்றும் அறைக்கு வெளியே செய்யும் உடல் சூடேற்றமும் ‘ஆஃப்-ஐஸ்’தான். காலத்தைக் குறிக்கும் சொல்லை இடத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஈடாக வைக்க இயலாது.

‘பனிப்புறம்’ என்பதில் இரண்டு இடர்கள் உள்ளன. முன்பனி, பின்பனி என்று பருவம் பிரித்த நமக்குப் பனி என்றால் முதலில் மார்கழிக் காலைதான் நினைவுக்கு வரும். பனிப்புறப் பயிற்சி என்று படிக்கும் கடலூர்க்காரர், விடியலில் பனியில் நனைந்தபடி ஓடுவது என்றே கொள்வார். கடலூர் துறைமுகத்தில் மீனுக்குக் கொட்டும் கட்டியை யாரும் பனி என்பதில்லை, ஐஸ் என்றே சொல்கிறார்கள். ‘பனித்தளம்’ என்று கூட்டிச் சொல்லும்போது இந்தக் குழப்பம் பெரிதும் குறைகிறது என்பதால், ஆடுமிடத்துக்கு அச்சொல்லை ஏற்கலாம். அடுத்த இடர், ‘புறம்’ என்பது விலகி நிற்பதை மட்டுமன்றி ஒட்டியிருப்பதையும் குறிக்கும் என்பது. புறநகர் நகரை ஒட்டித்தானே இருக்கிறது?

‘உலர்நிலப் பயிற்சி’ ஆங்கிலத்தில் வழங்கும் ‘டிரைலேண்ட்’ என்ற மாற்றுப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. விருத்தாசலம் பக்கத்து மானாவாரி உழவர்களுக்கு வேளாண்மைத் துறை நடத்தும் பயிற்சி முகாம் என்று படிப்பவர் நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை.

கடலூர் அன்பர் தந்த ‘கரைப்பயிற்சி’ இவற்றுள் அழகானது. கடலுக்குப் போகாத நாளில் கரையில் அமர்ந்து வலை சீர்செய்யும் மீனவரைப் போல, தளத்தில் இறங்காத நேரத்தில் செய்யும் ஆயத்தம் என்ற அவரது விளக்கமும் பொருத்தமானதே. ஆயினும் ஆங்கிலத்தில் நீச்சல்காரர்களும் ‘டிரைலேண்ட்’ என்கிறார்கள். நீரைவிட்டு ஏறிச் செய்யும் அவர்களது பயிற்சிக்குத்தான் கரை என்ற சொல் நேராகப் பொருந்துகிறது. அச்சொல்லை நீச்சலுக்கென்று ஒதுக்கிவைப்போம். பனித்தள ஆட்டத்துக்குத் தந்து செலவழிக்க எனக்கு மனமில்லை.

எஞ்சுவது ‘தரை’. பனித்தளப் பயிற்சி, தரைப்பயிற்சி என்ற இணை காதுக்கும் இசைகிறது. தரைப்பயிற்சித் திட்டம், தரைப்பயிற்சிக் கூடம் என்று வளரவும் இடம் தருகிறது. மேலும், ‘அல்லாத’, ‘நீங்கிய’ என்று எதிர்மறையில் பெயரிட்டால் இது மிச்சசொச்ச வேலை போலத் தோன்றும். லடாக்கில் இயற்கைப் பனித்தளம் கிடைப்பது குளிர்காலத்தின் சில வாரங்களுக்குத்தான். 2025இல் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் லடாக் பெண்களே மிகுதி. ஆண்டின் பெரும்பகுதியைத் தரையில் பழகிக் கழிக்கும் அவர்களுக்கு, அந்தப் பழக்கத்தை ‘இல்லாததன்’ பெயரால் அழைப்பது முறையாகாது.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். சீருடற்பயிற்சியில் (ஜிம்னாஸ்டிக்ஸ்) விரிப்பின்மேல் செய்வதைத் தரைப்பயிற்சி என்று எழுதுவோர் உண்டு. அங்கே அது போட்டிப் பிரிவின் பெயர், இங்கே பயிற்சி முறையின் பெயர். துறை வேறு என்பதால் மயக்கம் நேராது. மற்றொன்று சக்கரக் காலணி பற்றியது. மாலையில் வண்டிகளை நிறுத்தியபின் நம் கடற்கரைச் சாலையில் சக்கரக் காலணியில் சுற்றும் பிள்ளைகளுக்குத் தரைதானே ஆடுகளம் என்று கேட்கலாம். உண்மைதான். சக்கர ஹாக்கிக்கு இச்சொல் உதவாது. ஆனால் ஐஸ் ஹாக்கிப் பிள்ளைகள் கோடையில் சக்கரக் காலணியில் பழகுவதும் ‘ஆஃப்-ஐஸ்’ கணக்கில்தான் வருகிறது என்பதால், காலணி கழற்றிய பயிற்சி என்று குறுக்கிவிடாத ‘தரை’யே நமக்கு ஏற்றது.

ஈழத்து வழக்கில் வீட்டுத் தரையை நிலம் என்பார்கள். எனவே டொராண்டோ அன்பர்கள், ‘தரைப்பயிற்சி’ என்று படித்ததும் அங்குள்ள பெற்றோருக்கு என்ன தோன்றும் என்பதைக் கேட்டு எழுத வேண்டுகிறேன். அதற்குள், மேலே ‘வழவழப்பான பலகை’ என்று நான் சுற்றிவளைத்த கருவிக்குச் ‘சறுக்குப்பலகை’ போதுமா, குழந்தைகள் பூங்காவின் சறுக்குமரத்தோடு அது கலந்துவிடுமா என்பதையும் இவ்விழையிலேயே முடிவுசெய்தால், மொழிபெயர்ப்பவர் அடுத்த இயலுக்குப் போகலாம்.