சிங்கப்பூர் காரில் பினாங்கு: டோல் எப்படிக் கட்டுவது?

கேள்வி: அடுத்த வாரம் குடும்பத்தோடு முதல் தடவையாகக் காரில் போகிறோம். டோலில் ரொக்கம் வாங்குவார்களா?

பதில்: மாட்டார்கள். முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் டச் அண்ட் கோ கார்டு வைத்துக்கொள்ளுங்கள், ஜொகூர் சோதனைச் சாவடியில் 20 ரிங்கிட் சாலைக் கட்டணமும் அதிலிருந்து போகும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நுழையும்போது தட்டிய அதே கார்டைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும்.

பதில்: கார்டில் மீதிப் பணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் 3 ரிங்கிட்டோடு டோல் கேட்டில் நின்றேன், பின்னால் வரிசையாக ஹாரன், அம்மா பயந்தே போனார். புது என்எஃப்சி வகை டச் அண்ட் கோ கார்டு வாங்குங்கள், டச் அண்ட் கோ ஈவாலட் செயலியைத் திறந்து போனின் பின்பக்கம் வைத்தே பணம் ஏற்றலாம்.

கேள்வி கேட்டவர்: நன்றி. விஇபி (வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி) ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, அதிலேயே டோல் கட்டலாமா?

பதில்: அந்த ஈவாலட்டோடு இணைத்திருந்தால், ஸ்டிக்கரைத் தானாகப் படிக்கும் ஆர்எஃப்ஐடி பாதையில் போகலாம். அப்படி நுழைந்தால் அதிலேயே வெளியேறுங்கள்.