சைக்ளோட்ரான் அறைச் சுவருக்கு எந்த ஜல்லி?

வில்லியனூரான்:
புதுச்சேரிக்கு வெளியே ஒரு சைக்ளோட்ரான் அறை வேலை. ஸ்கேனுக்கு ஃப்ளூரின்-18ங்கற கதிரியக்கப் பொருளைத் தயாரிக்கிற மெஷின். சுவர் ரெண்டு மீட்டர் கனம். இடிக்கிற காலத்துல சுவரே கதிரியக்கக் கழிவாகக் கூடாதாம், டிசைன்காரர் எழுதி அனுப்பியிருக்கார். நான் வழக்கம்போல திருவக்கரை கருங்கல் ஜல்லி, எம்-சாண்ட், நெய்வேலி சாம்பல்னு மிக்ஸ் போட்டுட்டேன். ஜல்லியில அப்படி என்ன இருக்கு?

கெடிலக்கரை:
யூரோப்பியம்ங்கற உலோகம் இருக்கு தம்பி. பத்து லட்சத்துல ஒரு பங்கு தேறினா பெருசு. ஆனா மெஷின் ஓடும்போது நியூட்ரான் கிளம்பி சுவருக்குள்ள போகும். வேகம் தணிஞ்ச நியூட்ரானை விழுங்குறதுல யூரோப்பியத்துக்கு அசுரப் பசி. விழுங்கினா கதிரியக்க யூரோப்பியம்-152 ஆகும், அரை ஆயுள், அதாவது பாதியா குறையுற காலம், 13.5 வருஷம். ஜல்லியிலயும் கம்பியிலயும் இருக்கிற கோபால்ட், கோபால்ட்-60 ஆகும், அது 5.27 வருஷம். கல்லுல இருக்கிற சோடியம், சோடியம்-24 ஆகும், அதுக்கு 15 மணி நேரம்தான், நாலு நாள் கதவைச் சாத்தி வெச்சா அடங்கிடும். உங்க டிசைன்காரர் பயப்படுறது முதல் ரெண்டுக்கு.

சுத்தமான சுண்ணாம்புக்கல்லுல ரெண்டுமே குறைவு. அரியலூர்ல பாருங்க, ஆனா களிமண் கலந்த கல்லை எடுக்காதீங்க, வேண்டாம்னு விட்ட யூரோப்பியம் களிமண்ணோட திரும்ப வந்துடும். சாம்பலையும் சும்மா நம்பிடாதீங்க, நிலக்கரி எரிஞ்ச பிறகு இந்த மாதிரி உலோகமெல்லாம் அதுலதான் செறிஞ்சு நிக்கும். ஜல்லி, மணல், சாம்பல் மூணையும் லேபுக்கு அனுப்பி யூரோப்பியம், கோபால்ட் அளவு மட்டும் கேளுங்க.

போரான் போடலாம்னு யாராவது சொல்வாங்க. சரிதான், நியூட்ரானை அது முந்திக்கிட்டு பிடிச்சுக்கும், லித்தியமா மாறி அதோட முடிஞ்சுது. நானும் ஒரு தடவை போரிக் பவுடரை, கேரம் போர்டுல தூவுறோமே அதைத்தான், டிரையல் மிக்ஸ்ல கொட்டினேன். மறுநாள் மோல்டைக் கழற்றினா கட்டைவிரல் உள்ளே இறங்குது. மூணாம் நாளும் களிதான். கரையுற போரான் சிமெண்டை இறுக விடாது. போரான் கார்பைடு போடுங்க. விலை கண்ணைக் கட்டும்; அதனால உள்பக்கம் 30 செ.மீ.க்கு மட்டும், கம்பியில்லாத ப்ளாக்கா அடுக்கினா போதும். சுவர் கதிரியக்கமாகுறதும் பெரும்பாலும் அந்த ஆழத்துலதான்.

டோசிமீட்டர்:
மெஷின்ல கற்றை வந்து மோதுற டார்கெட்டைச் சுத்தி போரான் கலந்த பாலித்தீன் வெக்க இடம் விட்டிருக்காங்களா பாருங்க. சுவருக்கு வர்ற நியூட்ரானே குறைஞ்சா பாதி பிரச்சினை இல்லை.

வில்லியனூரான்:
உள்ளடுக்குக்கு மட்டும் அரியலூர் கல்லுன்னா லாரி வாடகை தாங்கும். ஆனா நேத்துதான் போரிக் பவுடர் ரெண்டு மூட்டை இறக்கினேன் ஐயா.

கெடிலக்கரை:
உங்க தெருவுல கேரம் கிளப் இருக்கா?