குப்பைமேடு கிடந்த இடத்தில் பறை வகுப்பு நடத்தலாமா? (சீத்தாகேம்ப், மும்பை)

ட்ராம்பே தமிழச்சி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சந்து முடிகிற இடத்தில் நாலாவை (சாக்கடைக் கால்வாயை) ஒட்டி ஒரு காலி இடம், நாற்பதுக்கு அறுபது அடி இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது குப்பைமேடுதான். வீட்டுக் குப்பை, மீன் கழிவு, வீடு இடித்த டெப்ரி, செத்த எலி, எல்லாம் அங்கேதான் போகும், மழை பெய்தால் அதுவே தண்ணீரோடு திரும்பி வீட்டுக்குள் வரும். 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாங்கள் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு திரிந்த பிள்ளைகள். குப்பை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்போது என் தம்பிக்கு வந்த இருமல்தான்.

போன மழைக்கு முன்னால் நடையாய் நடந்து, ஒருவழியாக ஜேசிபி வந்து லாரி லாரியாக அள்ளிப் போனது. அன்றிலிருந்து நாங்கள் பதினோரு பேர் முறை வைத்துக் காவல் இருக்கிறோம், தினமும் காலையில் ஒரு கோலம் போடுகிறோம். இப்போது அங்கே ஒரு சின்ன அரங்கம் வேண்டும் என்று ஆசை. எங்கள் பறை வகுப்பு ரோட்டோரம் நடக்கிறது, ஆட்டோ வந்தால் அடவு பாதியில் நிற்கும். கும்மிப் பாட்டு தெரிந்த பாட்டிகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், உட்கார்ந்து பாட ஓர் இடம் கிடையாது. இரண்டு டிரங்குப் பெட்டி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் ஒரு வீட்டுப் பரணில் தூங்குகின்றன.

சிக்கல் என்னவென்றால், கம்பம் நட இரண்டடி தோண்டினோம், உள்ளே இன்னும் கேரி பேக், ரெக்சின், கறுப்புத் தண்ணீர், அழுகிய முட்டை வாடை. கான்கிரீட் போட்டு மூடிவிடலாம் என்கிறார்கள் சிலர். அப்புறம், சாமி சிலை வைத்தால் யாரும் குப்பை போட மாட்டார்கள் என்று ஒரு பேச்சு. சந்தில் பாதி வீடு தமிழ் முஸ்லிம் குடும்பங்கள், அவர்கள் எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடியதை நான் பார்த்தேன். விடியற்காலையில் இன்னும் யாரோ இரண்டு மூன்று பொட்டலம் வீசிவிட்டுப் போகிறார்கள். பறையை அடிப்பதற்கு முன்னால் தீயில் காய்ச்ச வேண்டும், அந்த மண்ணில் தீ மூட்டலாமா என்றும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முலுண்ட் சிவில்:

தங்கச்சி, கான்கிரீட் வேண்டவே வேண்டாம். நான் குப்பைக் கிடங்குகளை மூடும் வேலையில் இருப்பவன், அதனால் அடித்துச் சொல்கிறேன். காற்றுப் புகாமல் அழுகும் குப்பையிலிருந்து மீத்தேனும் கரியமில வாயுவும் வரும், கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு, நீங்கள் சொன்ன முட்டை வாடை அதுதான். மேலே மூடினால் வாயு எங்கும் போகாது, பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த வீட்டுத் தரைக்கடியில் போய் நிற்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் ஒரு தீப்பொறி போதும். மும்பையிலேயே கோராயில் குப்பைக் கிடங்கை மூடியபோது குழாய் இறக்கி அந்த வாயுவை வெளியே எடுத்து எரித்தார்கள், அதற்கே தனித் திட்டம் தேவைப்பட்டது. இன்னொன்று, குப்பை அடியில் மக்க மக்க நிலம் ஒரு பக்கம் இறங்கும், இன்னொரு பக்கம் அப்படியே நிற்கும், எவ்வளவு கனமாகத் தளம் போட்டாலும் வெடித்துவிடும். மூடிய கிடங்கை 15 ஆண்டு கண்காணித்து, வாயுவும் கசிவுநீரும் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேறு பயன்பாட்டுக்கு எடுக்கலாம் என்று திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. உங்கள் சந்து மூலைக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது, அதன் காரணம் பொருந்தும்.

உங்கள் இடம் சின்னது, அது நல்லது. ஐந்தாறு இடத்தில் மூன்று நான்கு அடிக் குழி போட்டுப் பாருங்கள், பூட்ஸ், கையுறை இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது, ஊசி கிடக்கும். மூன்று நான்கு அடியில் இயற்கை மண் தட்டுப்பட்டால் கேள்வியே வேண்டாம், முழுக்க அள்ளிவிட்டு முரம் மண் (சரளை கலந்த மண்) கொட்டி இறுக்குங்கள், தண்ணீர் தேங்காமல் சரிவு விடுங்கள், மேலே மணல் பரப்பி பேவர் பிளாக் அடுக்குங்கள். எங்காவது இறங்கினால் கல்லைப் பெயர்த்து மறுபடி அடுக்கிக்கொள்ளலாம். அள்ளியதை நாலாவில் தள்ளிவிடாதீர்கள், லாரி வைத்து அனுப்புங்கள். கீரை, தக்காளி எதுவும் அந்த மண்ணில் போடாதீர்கள், பேட்டரி, டியூப்லைட் எல்லாம் விழுந்த மண் அது. தீயும் வேண்டாம். பறையைத் தள்ளி எங்காவது இரும்புச் சட்டியில் நெருப்பு வைத்துக் காய்ச்சிவிட்டு எடுத்து வாருங்கள்.

நாலாவைத் தாண்டி அலையாத்தி மரம் இருக்கிறதா? இருந்தால் அங்கிருந்து 50 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது, பம்பாய் உயர் நீதிமன்ற உத்தரவு. கழற்றி மாட்டுகிற மேடையாக வைத்துக்கொண்டாலும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

90 அடி ரோடு:

தாராவியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பஸ் டிப்போவுக்கு எதிரே மித்தி ஆற்றங்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் முன்பு மாநகரத்தின் குப்பைக் கிடங்கு. 1977-ல் கொட்டுவதை நிறுத்தினார்கள், 1983-ல் பறவை அறிஞர் சலீம் அலி முதல் மரக்கன்றை நட்டார், பொதுமக்களுக்குத் திறந்தது 1994-ல். 37 ஏக்கர். இன்றைக்கு உள்ளே போனால் காடு, ஒரு திறந்தவெளி அரங்கமும் இருக்கிறது. குப்பையின் மேல் மண் பரப்பி, மரம் பிடிக்கக் காத்திருந்து, அப்புறம்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள். அவசரப்படாமல் செய்த அந்த வேலையைப் பார்க்க ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஆனால் அதற்குச் சுவர் இருக்கிறது, கேட் இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது. காட்டுக்கு அது சரி. உங்கள் இடத்துக்குப் பூட்டு போட்டீர்கள் என்றால் சாவி யாரிடம் என்பதில் சண்டை தொடங்கும், ஆறு மாதத்தில் உள்ளே பைக் நிற்கும்.

விடியற்காலைப் பொட்டலம் பற்றி. எங்கள் சாலிலும் (வரிசை வீட்டுக் குடியிருப்பிலும்) இதே கதை. காவல், திட்டு, அபராத போர்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு கட்டத்தில் நானும் இன்னொரு அக்காவும் நாலு நாள் காலை நாலரைக்கே பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தோம். ஐந்தேகாலுக்கு ஓர் அம்மா முந்தானைக்குள் பையை மறைத்துக்கொண்டு வந்தார், எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கிளாஸ் டீ கொடுத்துக் கேட்டோம். கண்டா காடி, அதாவது மணியடித்து வரும் குப்பை வண்டி, வருவது ஒன்பது மணிக்கு, அவர் வீட்டு வேலைக்குக் கிளம்புவது ஐந்தரைக்கு, பத்துக்குப் பத்து வீட்டில் நேற்றைய மீன் முள்ளை எங்கே வைப்பார்? அதற்குப் பிறகு இரண்டு மூடி போட்ட டிரம் வாங்கி ஈரம், உலர் என்று எழுதி வைத்தோம். வண்டி வரும்போது அதை இழுத்துப் போய்க் கொட்ட, குப்பை பொறுக்கும் ஓர் அக்காவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று மாதச் சம்பளம், உலர் குப்பை விற்ற காசும் அவருக்கே. வீசுவது நின்றது. அந்த அக்காவின் மகன் இப்போது எங்கள் பொங்கல் நிகழ்ச்சியில் பெரிய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்து வாசிக்கிறான், அந்தத் தாளத்துக்கே கூட்டம் கூடுகிறது.

சாமி சிலை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். எங்கள் பக்கம் ஒரு சுவரில் சாமி ஓடு பதித்தார்கள், குப்பை ஓரடி தள்ளி விழுந்தது, அவ்வளவுதான். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வீசக் கை வராது. தினம் ஏதாவது நடக்கட்டும், வாரம் ஒரு விழா போதாது. காலையில் பாட்டிகள், மதியம் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகள், சாயங்காலம் பறை.

செம்பூர் வாசகன்:

சுருக்கமாக இரண்டு விஷயம். நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள், சிடிஎஸ் நம்பரை (நகர நில அளவை எண்ணை) கண்டுபிடித்து பிராப்பர்ட்டி கார்டு, அதாவது நில உரிமைப் பதிவு, எடுத்தால் தெரிந்துவிடும். அது கையில் இல்லாமல் பேவர் பிளாக்குக்குப் பணம் வசூலிக்காதீர்கள், நாளைக்கு யாராவது வந்து என் இடம் என்றால் பேர் கெட்டுப்போவது உங்களுக்குத்தான். அப்புறம் மைக் வைத்தால் இரவு பத்துக்குள் நிறுத்துங்கள், சட்டமும் அதுதான், குழந்தை தூங்கும் வீட்டுக்கும் அதுதான் நல்லது.

பழைய ஜனதா காலனி:

பாப்பா, உன் கேள்வியைப் பேரன் வாசித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் தட்டுகிறான். 1976-ல் நாங்கள் முதலில் குடியிருந்த ஜனதா காலனிக் குடிசைப் பகுதியை இடித்து எங்களை இந்த சீத்தாகேம்புக்குக் கொண்டுவந்து விட்டபோது எனக்கு மீசை முளைக்காத வயது. வந்து இறங்கிய இடம் சேறு. அதற்கு முன்னால் காலனியில் குப்பை அள்ள ஆள் வராத காலத்தில், கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம், குடிசைவாசிகளுக்காகப் போராடியவர், என்ன செய்தார் தெரியுமா, பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார், பிறகு அதே பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து ஊர்வலமாகக் கூட்டிப் போய் மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்ட வைத்தார். பின்னால் அவர் மகசேசே விருது வாங்கினார், பத்மஸ்ரீ வாங்கினார். எனக்கு நினைவில் நிற்பது அந்த ஊர்வலம்தான். பாட்டும் குப்பையும் எங்கள் ஊரில் அப்போதே ஒன்றாகத்தான் நடந்தது, நீ புதிதாக எதுவும் கேட்கவில்லை.

சிலை வைக்கச் சொல்பவர்களைக் கோபித்துக்கொள்ளாதே. அவர்களுக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு, தை மாதம் பொங்கல் பானை அங்கே, நோன்புக் கஞ்சி ஊற்றுவதும் அங்கே என்று இரண்டையும் சேர்த்துச் சொல். என் வயதுக்காரர்கள் பகலில் உட்கார நிழலில் ஒரு திண்ணை போட்டுக் கொடு, உங்கள் பதினோரு பேரை விட நாங்கள் நன்றாகக் காவல் காப்போம். எங்களுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது.

ட்ராம்பே தமிழச்சி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆறு குழி போட்டோம். நாலில் இரண்டரை அடியிலேயே மஞ்சள் மண் வந்துவிட்டது, நாலா பக்கத்து இரண்டில் மூன்றடி தாண்டியும் துணியும் ரப்பரும்தான் வருகிறது. அந்தப் பக்கத்தைக் கயிறு கட்டி விட்டுவிட்டோம், இப்போதைக்கு முன்பாதி மட்டும். பிராப்பர்ட்டி கார்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், வந்த பிறகுதான் வசூல்.

விடியற்காலையில் உட்கார்ந்து பார்த்தோம் அக்கா. வந்தது எங்கள் எதிர்வீட்டு அக்கா, என் பள்ளிச் சீருடையைக் கிழிந்தபோதெல்லாம் தைத்துக் கொடுத்தவர். செம்பூரில் இரண்டு வீட்டில் சமையல் வேலை, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். டிரம் வாங்க முதல் நூறு ரூபாய் அவர்தான் கொடுத்தார்.

ஐயா, திண்ணைக்குப் பழைய கல் பார்த்து வைத்திருக்கிறோம், நிழலுக்கு இந்த வருடம் தார்ப்பாய்தான். சிலைப் பேச்சு இன்னும் முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம், நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும். சனிக்கிழமை முதல் வகுப்பு. சந்து முனையில் டீக்கடை அண்ணன் இரும்புச் சட்டி தருகிறேன் என்றார். அங்கே காய்ச்சிவிட்டு, அங்கிருந்தே அடித்துக்கொண்டு உள்ளே வரப் போகிறோம்.